தேய்த்து அழித்த விளிம்பு

இன்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தேன். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் என் முகத்தை ஒரு தேய் தேய்த்தார். தாடைத் தழும்பு காணாமல் போனது. "பளிச்சுனு ஆக்கிட்டேன் தம்பி" என்றார். தழும்பைத் திருப்பி வைக்கச் சொன்னேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

நாம் எம்.சி.ஏ. படித்த கடைசி வருடம் முழுக்க நீ மூளை ஸ்கேன் படங்களோடுதான் கிடந்தாய். படத்தில் மண்டும் புள்ளிகளை எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்த்தால் உள்ளே இருப்பவற்றின் விளிம்புகளும் கரைந்துபோகும். நீ எழுதிய புரோகிராம் விளிம்பைத் தாண்டாது. அதன் ஓரமாகவே பரவும். எனக்குப் புரியாதபோது சின்னாளப்பட்டியில் உங்கள் வீட்டுச் சுங்குடிச் சேலையை விரித்தாய். "ஏலே, முடிச்சுப் போட்ட எடத்துல சாயம் ஏறுதா? அம்புட்டுத்தான்."

அந்தப் புரோகிராமைத் தூக்கிக்கொண்டு நம் ஊர் ஸ்கேன் சென்டருக்குப் போனோம். அங்கே ஒருவருக்கு ஆகும் நேரத்தில் இரண்டு பேரை எடுத்தார்கள். அவசரப் படம் புள்ளி புள்ளியாக வரும். நன்றாகத் தேய்த்து ஃபிலிம் போடுவார்கள். முதலாளி உன்னை முழுதாகப் பேசவிடவில்லை. "விளிம்ப வச்சு நான் என்ன பண்ண அப்பு? சனத்துக்குப் படம் பளபளன்னு இருக்கணும்." வெளியே வந்து நீ சிரித்தாய். "வெள்ளையடிக்கிறவன்ட்டப் போயி அஸ்திவாரம் பேசிருக்கோம் மாப்ள."

மறு வருடம் உனக்குத் தலைவலி, வாந்தி. டாக்டர் அதே சென்டருக்குத்தான் எழுதிக் கொடுத்தார். வந்த ஃபிலிமை உங்கள் தெருவே வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. "கண்ணாடி மாதிரி இருக்கு, ஒண்ணுமில்ல." டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து. நீ மட்டும் நம்பவில்லை. தேய்க்காத படத்தைக் கேட்டுப் போனாய். அழித்துவிட்டோம் என்றார்கள். "படிச்சுப் படிச்சுப் பயம் புடிச்சிருச்சு இவனுக்கு" என்று உன் மாமா கேலி செய்தார். மாத்திரையிலேயே மாதங்கள் போயின. மதுரையில் நிதானமாக எடுத்த படத்தில் கட்டி தெரிந்தபோது, "முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா?" என்று அங்குள்ள டாக்டர்கள் எங்களைத் திட்டினார்கள்.

நீ செத்துப்போனபோது கேதத்துக்கு அந்த சென்டர் முதலாளி மாலையோடு வந்தார். "எல்லாம் விதி" என்றார். சட்டையைப் பிடிக்க எழுந்த என்னை உட்காரவைத்தார்கள். சென்டர் இப்போது இரண்டு மாடி.

போன வாரம் உன் அம்மா கேட்டார்: "ஏன்யா, மொதப் படம் எடுக்கயிலயே அது இருந்துச்சா?"

பொய் சொல்ல வரவில்லை. "இருந்திருக்கும்மா. தேச்சுட்டாங்க."

அவர் அழவில்லை. "அப்ப எம்மகன் பயந்து சொல்லல. தெரிஞ்சுதேன் சொல்லிருக்கான்" என்றார்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை.