நனையாத போத்தல்

பினாங்கு,
17.2.1986

அன்பு மகள் சந்திரிகாவுக்கு,

லீட்ஸ் குளிரில் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இங்கு நான் சுகம். அப்பாவையும் சேர்த்து அப்படி எழுத இந்தத் தடவை முடியவில்லை.

அவருக்கு மூளையைச் சுற்றிய உறையில் பூஞ்சை கண்டு ஆம்போதெரிசின் ஏற்றத் தொடங்கியதை ஜனவரியில் எழுதியிருந்தேன். அதற்கு நீ, சிறுநீரை நீங்களே கண்ணால் பார்த்து அளக்கிறீர்களா, அந்த மருந்து சிறுநீரகத்தைத்தான் முதலில் பிடிக்கும் என்று கேட்டிருந்தாய். தாதிப் பயிற்சியில் இரண்டு வருடம் முடித்த பிள்ளை தாய்க்குப் பாடம் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம்; எல்லாம் சரியாக நடக்கிறது என்று இரண்டே வரியில் பதில் போட்டேன். சரியாக நடக்கவில்லை.

மருந்தைக் கொடுத்த விதத்தில் பிழை இல்லை. வார்டில் ஜன்னத் என்றொரு தாதி, கெட்டிக்காரி. குளுக்கோஸ் நீரில் மட்டும்தான் கலப்பாள், உப்பு நீர் பட்டால் திரிந்துவிடும் என்பாள். வெளிச்சம் படாமல் பைக்குப் பழுப்புத் தாள் சுற்றி, ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டு, அரை மணிக்கொரு தடவை நாடியும் சூடும் பார்ப்பாள். ஒரு மணி நேரத்துக்குள் அப்பாவுக்குக் கட்டில் ஆட ஆட நடுக்கம் வரும். முன்கூட்டியே மாத்திரை கொடுத்து, இரண்டு கம்பளியோடு நிற்பாள். அவள் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, நான் தேடாமலும் இல்லை.

சிறுநீர் அளவு எழுதும் தாளை மட்டும் அவள் என்னிடம் தந்தாள். டீச்சர் எழுதினா கரெக்டாத்தான் இருக்கும்லா என்று சிரித்தாள். அப்பா சிறுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக்கொண்டு, மருந்துப் பை தொங்கும் கம்பியையும் உருட்டிக்கொண்டு கழிவறைக்குப் போவார். நான் வெளியே நிற்பேன். வந்து, நானூறு மில்லி, முந்நூற்றைம்பது, நானூறு என்பார், நான் எழுதுவேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கதவை நாங்கள் ஒருவருக்கொருவர் திறந்து வைத்தது கிடையாது, உனக்குத் தெரியும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் என் மாணவி ஒருத்தி எல்லா அளவையும் இப்படி ஐம்பதும் நூறுமாகவே எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளை அவள் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்திருப்பேன். துறைமுக அலுவலகப் பதிவேட்டில் ஒரு புள்ளி தவறாத மனிதர் சொல்கிறாரே என்று எழுதினேன்.

சீனப் பெருநாளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ஆள் குறைவு. தாளில் சிறுநீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று திங்கட்கிழமை எடுக்க வேண்டிய இரத்தத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினார்கள். அதற்குள் இரண்டு தடவை மருந்து ஏறிவிட்டது. வெள்ளியன்று, சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று அறிக்கை வந்ததும் டாக்டர் ஓடி வந்தார். ஜன்னத் கட்டிலடியில் இருந்த போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அக்கா, இது நனைஞ்சதே இல்ல என்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பாவைக் கேட்டேன். எங்கட மகள் வயசுப் பிள்ளை, அதின்ர கையில இதைக் குடுக்கிறதோ, நீ இருந்து பார்க்கிறதுக்கும் எனக்கு வெக்கம் என்றார். உன் வேலை என்னவென்று தெரிந்தும் சொல்கிறார்.

மருந்தை நிறுத்திவிட்டார்கள். சிறுநீரகம் தேறினால் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கலாமாம். தேறும்வரை பூஞ்சை காத்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். தலைவலி திரும்பிவிட்டது. நேற்று என்னைத் தவமணி என்று தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளும் நிபோங் திபாலிலிருந்து திருநீறு கொண்டுவந்து பூசிவிட்டுப் போனாள். நான் தடுக்கவில்லை.

இப்போது போத்தலை நான்தான் பிடிக்கிறேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். இன்று விடிந்ததிலிருந்து மாலைவரை நூற்றுப்பத்து மில்லிதான். நானே பார்த்து எழுதியது.

பரீட்சையை முடித்துவிட்டு ஜூனில் வந்தால் போதும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதுவும் பார்க்காமல் எழுதியதுதான். கிடைக்கிற முதல் விமானத்தில் வா. கடவுச்சீட்டுத் தேதியை இன்றே எடுத்துப் பார். கடவுளிடம் எதையும் கேட்டுப் பழகாத நான், நீ வந்து சேரும்வரை அவர் உன்னை அடையாளம் காண வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒரு குறையும் வராது.

உன் அம்மா,
கனகேஸ்வரி