டேப்பைப் பிய்த்துப் பார்

என் பாப்பாவுக்கு,

நலமா என்று விசாரித்து ஆரம்பிக்க அம்மாவுக்கு இன்று பொறுமை இல்லை. அப்பா உன் தோழியிடம் கொடுத்தனுப்பிய நீல இன்ஹேலரை முதலில் பையிலிருந்து எடு. பின்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்பு டேப்பைப் பிய்த்துவிட்டு, உள்ளே தெரியும் எண்ணைப் பார். பூஜ்யம் என்று இருக்கும். அதில் மருந்து இல்லையடி. அழுத்தினால் உஸ்ஸென்று வரும், ஆனால் வருவது மருந்து இல்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தவளையும் கூட்டிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போ. சீட்டு எழுதி வாங்கி, புதியது ஒன்று கைக்கு வந்த பிறகு மேலே படி. உன்னை எனக்குத் தெரியாதா, நின்ற இடத்திலேயே முழுவதையும் படித்துவிடுவாய். உட்கார்ந்தாவது படி.

நேற்று அவளை உனக்குப் போன் செய்யச் சொன்னதும் நான்தான். அந்த மருந்தைத் தொடாதே என்று அவள் சொன்னதற்கு நீ, "எங்கப்பா தண்ணியில போட்டுப் பாத்துக் குடுத்தது, தப்பாவே இருக்காது" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். அப்பாவோடு பேசமாட்டாய். நம்பரை மாற்றிக்கொள்வாய். எங்கே தங்கியிருக்கிறாய் என்றுகூட வீட்டுக்குச் சொல்லமாட்டாய். ஆனால் அவர் தண்ணீரில் போட்டுப் பார்த்தது மட்டும் தப்பாகாது! இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வாயால் சொன்னால் கேளாதவளுக்கு எழுதித்தானே ஆகவேண்டும். விலாசத்தை எனக்குத் தரமாட்டேன் என்று உனக்குச் செய்த சத்தியத்தை அவள் மீறவில்லை, கடிதத்தை மட்டும் கொண்டுவருகிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்றை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் வாயை நான்தான் கட்டிவைத்தேன். போனில் கேட்டுப் பதறினால் உனக்கு உடனே இழுப்பு வரும். அந்த நேரத்தில் உன் கையில் காலி மருந்து. அதனால்தான்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வாயில் குழாய் வைத்திருக்கிறார்கள். இப்போது மெஷின்தான் அவருக்காக மூச்சு விடுகிறது. நான் அந்தப் பிரிவுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸம்மா கொடுத்த காகிதத்தில் எழுதுகிறேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. எம்பிப் பார்த்தால் அவர் பாதம் மட்டும் தெரியும். குதிகாலில் ஒட்டிய கிரீஸ் அப்படியே இருக்கிறது.

எப்படி ஆயிற்று என்று சொல்கிறேன். முந்தாநாள் காலையில் நம் பஞ்சர் கடைக்கு ஒரு லாரி டயர் வந்தது. ட்யூபை வெளியே எடுத்து, ஒட்டுப் போடுவதற்காக ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சொன்னாலும் மூக்குக்குத் துணி கட்டமாட்டாரே! அந்தத் தூசியும் ஒட்டுப்பசை சொல்யூஷன் நெடியும் சேர்ந்து இழுப்பைக் கொண்டுவந்துவிட்டன. சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். "மருந்து உள்ள போயிருக்கு, இரு, இப்ப கேக்கும்" என்றார். திரும்பத் திரும்ப அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் புகை மாதிரி வந்தது, சத்தம் வந்தது. அதை நம்பித்தானே உட்கார்ந்திருந்தோம், பாப்பா! பிறகு பேச்சு நின்றுவிட்டது, இரு என்று கையை மட்டும் காட்டினார். உதடு கறுத்ததைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் லாரி டிரைவர் ஓடிவந்து அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரம்மா இன்ஹேலரைக் கையில் வாங்கி டேப்பைப் பிய்த்துப் பார்த்தார். பூஜ்யம் என்று இருந்தது. ஏன் ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் என்ன சொல்லுவேன்! அந்த நம்பர் கம்பெனிக்காரன் வியாபாரத்துக்காக வைத்தது, தண்ணீர் பொய் சொல்லாது என்று உங்கப்பா உன்னிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். ட்யூபில் ஓட்டை பார்க்கும் தொட்டியிலேயே மருந்துக் குப்பியைக் கழற்றிப் போட்டு, மூழ்கினால் மருந்து இருக்கிறது, மிதந்தால் காலி என்று நாம் மூன்று பேரும் குனிந்து பார்ப்போமே, அதையும் சொன்னேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "மருந்து தீந்தாலும் அதைத் தள்ளுற வாயு உள்ள மிச்சமிருக்கும்மா. மூழ்கறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தண்ணி பட்டா மருந்து வர்ற வழியே அடைச்சுக்கும்" என்றார். ஊரில் உள்ள ஓட்டையை எல்லாம் கண்டுபிடித்த தொட்டி, நம் வீட்டு மருந்தில் இப்படிக் கைவிட்டுவிட்டது.

இன்னும் ஒன்று கேள். தினமும் இழுக்க வேண்டிய ஆரஞ்சு இன்ஹேலரை அவர் நிறுத்தி மாதக்கணக்காகிறதாம். இழுத்த உடனே ஒன்றும் தெரியவில்லை, நீலம் என்றால் உடனே கேட்கிறது என்று இவராக முடிவுகட்டிவிட்டார். உடனே தெரியாதுதான், உள்ளே இருக்கும் வீக்கத்தை அது மெதுவாகத்தான் குறைக்குமாம். அதை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் அடிக்கடி இழுத்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நோய் அடியில் வளர்ந்துகொண்டே போகுமாம். நீலம் அடிக்கடி தேவைப்படுகிறது என்றாலே டாக்டரிடம் ஓட வேண்டும் என்றுதான் அர்த்தமாம். ஓடினால் ஆரஞ்சை ஏன் நிறுத்தினாய் என்று திட்டுவார்களே! அந்தத் திட்டுக்குப் பயந்துதான் புதுச் சீட்டு வாங்கப் போகாமல், பழையவற்றைத் தொட்டியில் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், உன் வீராதி வீர அப்பா.

நீயும் ஆரஞ்சை நிறுத்திவிட்டாயா? உண்மையைச் சொல். நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் ஒளிக்காமல் சொல். அதை இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். நீ சோம்பேறி, துப்பமாட்டாய். இன்ஹேலரை மூடியில்லாமல் பையில் போடாதே. போன தடவை உன் பையில் கிடந்த ஊசி, பொத்தான் எல்லாம் அதன் வாய்க்குள் போனால் நேரே நெஞ்சுக்குள்தான் இறங்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதே, சூடேறினால் குப்பி வெடிக்குமாம். நீ துணிக் கிடங்கில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன். பஞ்சுத் தூசியில் நிற்கிறாயா? கடையில் உட்காராதே, உன் நெஞ்சுக்கு ஆகாது என்று அப்பா சொன்னதற்குத்தானே "உங்க நெஞ்சுக்கு மட்டும் ஆகுமா" என்று கேட்டுவிட்டுப் போனாய்? போயும் போயும் தூசிக்கே போயிருக்கிறாயே!

நீ கேட்டது நியாயமான கேள்விதான். அதனால்தான் அன்று அவர் அப்படிக் கத்தினார். நீ போன பிறகு கடையில் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை. உன் தோழி உன்னைப் பார்க்க வருகிறாள் என்று தெரிந்ததும் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அவரிடம் இருந்தது இரண்டே இன்ஹேலர், இரண்டும் பழையது. இரண்டையும் போட்டுப் பார்த்தார். ஒன்று அடியில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று சாய்ந்து பாதி மிதந்தது. மூழ்கியதைத் துடைத்து, டேப் ஒட்டி, நான் கொடுத்தேன் என்று சொல்லாதே என்று சொல்லி அவளிடம் உனக்காகக் கொடுத்தார், டேப்பைப் பார்த்ததுமே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியாதவர் போல. சாய்ந்து மிதந்ததைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவர் உனக்குக் கொடுத்தது நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தார். அதை மறந்துவிடாதே. ஆனால் அதை வைத்துக்கொள்ளவும் செய்யாதே. ஞாபகத்துக்கு என்றுகூட வேண்டாம். பதற்றத்தில் எது புதியது, எது பழையது என்று தெரியாமல் கை அதைத்தான் எடுக்கும்.

உனக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லி டாக்டரம்மாவைக் கெஞ்சிப் பார்த்தேன். நோயாளியைப் பார்க்காமல் எழுத முடியாது என்றுவிட்டார். இருமல் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. நீலத்தை இழுத்தும் கேட்கவில்லை, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை என்றால் "இரு, கேக்கும்" என்று யாருக்கும் கை காட்டாதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. நீ ஒருத்தியாவது என்னோடு பேச வேண்டும்.

இன்று காலை டாக்டரம்மா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இதற்கு முன் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார். "வேற யாராவது வந்து பாக்கணுமாம்மா? இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார். மகள் கிளம்பிவிட்டாள், வழியில் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். உள்ளே விட்டபோது உங்கப்பா காதிலும் அதையே சொன்னேன். கண் திறக்கவில்லை. கேட்டதா என்றும் தெரியாது.

என்னைப் பொய்க்காரி ஆக்காதே, பாப்பா. ஓடி வராதே, மூச்சு வாங்கும். புது மருந்தை வாங்கி, சட்டைப்பையில் வைத்து, ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார்ந்து வா. வந்து அவரிடம் சண்டை போடு, நான் தடுக்கமாட்டேன்.

நல்ல மூச்சோடு வந்து சேர்,
உன் அம்மா.