அந்தோணியின் காதுக்குள் இருந்த சத்தம்

என் தம்பி அந்தோணிக்கு,

இரைச்சல் எட்டாத இடத்தில் நீ இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நாளை உனக்கு முதலாண்டு நினைவுப் பூசை. உன் மனைவி ஆக்னஸ் பூவுக்கும் பாடகர் குழுவுக்கும் சொல்லிவிட்டாள். எனக்கென்று வேலை எதுவும் மிச்சமில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்குக் கடிதம் வராது என்று நீ கேலி செய்வாய். செய்துகொள்.

கம்ப்யூட்டர் அப்படியே இருக்கிறது. மேலே துணி போர்த்தி வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அதை வாங்கியதற்குக் காரணம், ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் படித்த முறை. பதிவு செய்த சத்தத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, அந்தப் பொடியை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூவச் சொன்னால், மூட்டம் போல ஒரு புதுச் சத்தம் எழும். அதில் தாளம் கிடையாது, பாட்டும் கிடையாது. சும்மா அறையில் நிறைந்து நிற்கும் ஒரு இசை. சில நொடிச் சத்தத்துக்கே அந்தப் பெட்டி ஒரு மதியம் முழுக்கக் கணக்குப் போடும். நான் மழையை நறுக்கினேன். கோயில் மணியை நறுக்கினேன். தேக்கா சந்தையின் கூச்சலையும் விடவில்லை.

நீ வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்ட அன்று ஞாபகம் இருக்கிறதா?

“என்னண்ணே இது, ஃபேன் ரிப்பேரா?”

“இசைடா.”

“இதுக்கா அவ்வளவு படிச்சீங்க? கொசு வந்து சும்மாவே பாடும் லா.”

சிரித்துக்கொண்டே கழற்றப் போனவன் நின்றுவிட்டாய். “இருங்க. இது கிட்டத்துல வருது.”

எதற்குக் கிட்டத்தில் என்று கேட்டேன். நீ உன் காதோரத்தைத் தட்டிக் காட்டினாய்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கி, சுத்தியலால் துரு தட்டிய வருஷங்கள் உன் காதில் ஒரு சத்தத்தை விட்டுப் போயிருந்தன. வேலையை விட்ட பிறகும் அது போகவில்லை. நரம்புதான், பழகிவிடும் என்றார் டாக்டர். கூப்பிட்டால் திரும்பமாட்டாய், உன்னை முசுடு என்றார்கள். தூங்குவதற்காக ரேடியோவை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருகி வைப்பாய். அந்த இரைச்சல் உள்ளே இருந்ததைக் கொஞ்சம் மறைக்கும் என்பாய். ஆக்னஸ் எழுந்து அதை அணைப்பாள். நீ மறுபடி போடுவாய். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

அதன் பிறகு நான் இசை செய்வதை விட்டு, உன் காதுச் சத்தத்தைத் தேடத் தொடங்கினேன். ஞாயிறு பூசை முடிந்து நீ வருவாய். நான் துகளின் அளவை மாற்றுவேன். “இன்னும் பொடியா”, “இன்னும் மேல”, “இல்லண்ணே, அதுல ஈரம் இருக்கு, இதுல இல்ல.” மழை ஒத்துவரவில்லை. மணியும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஜாலான் புசார் இரும்புக் கடையில் கேட்டுக்கொண்டு, ஒரு தகட்டில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டிப் பதிந்து வந்தேன். அதை நறுக்கினேன்.

“போடுங்கண்ணே.”

“போட்டாச்சுடா.”

“விளையாடாதீங்க. போடுங்க.”

பயந்துபோய் ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன். ஊசிமழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உனக்குத்தான் தெரியவில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்ததோடு அது கலந்து காணாமல் போயிருந்தது. நான் சொன்னதும் ஹெட்போனைத் திரும்ப வாங்கி மாட்டிப் பார்த்தாய். பிறகு, “அப்ப இது வெளியிலயும் இருக்கு” என்றாய். “ஆக்னஸ் கேக்கணும்ணே. அவ மட்டும் கேட்டா போதும்.” அடுத்த ஞாயிறு அழைத்து வருவதாகச் சொல்லிப் போனாய்.

அந்த ஞாயிறு வருவதற்குள் ஜாலான் புசாரில் அந்த லாரி வந்தது. நீண்ட நேரம் ஹாரன் அடித்ததாக ஓட்டுநர் சொன்னார். நீ நடு ரோட்டில் திரும்பாமல் நின்றதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். போலீசார் விபத்து என்று முடித்தார்கள். கோயில் வாசலில் அது முடியவில்லை. “தானா போய் நின்னாரோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஆக்னஸ் காதிலும் விழுந்தது. அவள் மெலிந்துவிட்டாள், தம்பி. பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்திருப்பதுகூட இல்லை.

போன வாரம் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“அத்தான், அவரு வேணும்னே நின்னாரா? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?”

அந்தச் சத்தத்தை அவள் கேட்கவேண்டும் என்று நீ சொன்னதை மட்டும் சொன்னேன். துணியை எடுத்தேன். நீ சொன்ன இடத்திலேயே ஒலிக் குமிழை வைத்தேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஹெட்போனை அவளே மாட்டிக்கொண்டாள். “பின்னாடி நின்னு என்னைக் கூப்பிடுங்க” என்றாள்.

கூப்பிட்டேன். ஆக்னஸ் திரும்பவில்லை. இன்னொரு முறை, என் சுபாவத்துக்கு மீறி உரக்கவே கூப்பிட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். உன் முதுகும் அப்படித்தான் இருக்கும். தோளைத் தொட்டதும் துள்ளி விழுந்து கழற்றினாள்.

“கூப்பிட்டீங்களா?”

“ரெண்டு தரம்.”

“அப்ப அவருக்கு ஹாரன் கேட்கல. அப்படித்தானே?”

ஒரு தம்பியின் காதை ஒரு பெட்டியில் நிரூபிக்க முடியுமா? ஹாரன் வேறு, என் குரல் வேறு. உன் மனத்தில் அன்று என்ன இருந்தது என்பதை எந்தத் துகளிலும் நான் நறுக்கிப் பார்க்கவில்லை. “கேட்டிருக்காதுன்னு நினைக்கிறேன்மா. நிச்சயமாத் தெரியாது” என்றேன்.

“நினைக்கிறீங்கல்ல. அது போதும் அத்தான்.”

ஹெட்போன் அவள் மடியில் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் பெட்டியை அணைத்தேன். அறை அமைதியானதும் அவள் முகம் மாறியது.

“நீங்க நிறுத்திட்டீங்க. அவரால முடியலையே,” என்றாள். “அவரு ரேடியோவைப் போட்டுத்தான் தப்பிச்சிருக்காரு. அதையும் நான் போய் நிறுத்தியிருக்கேன்.”

ஹெட்போனை அவள் மடியிலிருந்து எடுத்துத் துணிக்கடியில் வைத்தேன். நீயாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

ஒன்று சொல்லவேண்டும். நிறுத்த முடிகிறவர்களுக்கு அது அழகான சத்தம். நான் செய்ததிலேயே நல்லது அதுதான். அதை இசையாக்க மாட்டேன். நாளை கோயிலுக்கு அதை ஒரு கேசட்டில் பதிந்து, கையடக்க டேப்பும் ஹெட்போனுமாகக் கொண்டுவருகிறேன். பூசை முடிந்து யாராவது என் பக்கம் குனிந்து, நீ தானாகப் போய் நின்றாயா என்று அதே கேள்வியைக் கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு போகமாட்டேன். “உக்காருங்க, இதைக் காதுல மாட்டுங்க” என்பேன். அவர்கள் போதும் என்று கை காட்டும்வரை நிறுத்தமாட்டேன்.

உன் சத்தத்தைக் கேட்ட,
சூசை அண்ணன்