சாயம் ஏற்றி எடுக்கப்போகும் படம்

வியாழக்கிழமை

பேரன் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். சின்னவன் ஓட்டத்தில் கோப்பை வாங்கினான். பேத்தி மதுரையில் நர்சு. இத்தனையும் எழுதிய பிறகுதான் இதை எழுத வருகிறது.

என் வீட்டுக்காரருக்கு மூத்திரக் குழாய் சுருங்கிவிட்டது.

"ஸ்கேன்ல தழும்போட ஆழம் தெரியுது. எம்புட்டு தூரம் அடைச்சிருக்குன்னு சாயம் ஏத்தி எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். முன்னால அடிபட்டீகளா?" என்றார் டாக்டர்.

"தீபாவளி சீசன்ல, லோடு ஏத்துறப்ப லாரிப் பலகையில கவுட்டி அடிபட விழுந்தேன். கம்பெனியில நிப்பாட்டிருவாகன்னு மறைச்சிட்டேன்."

"என்கிட்டயுமா மறைச்சீக?" என்றேன்.

அடுத்த வாரம் எக்ஸ்ரே. பேத்திக்குக் கடிதம் எழுத வேண்டும்: லீவு கிடைத்தால் வந்துவிடு; கிடைக்காவிட்டால், நர்சு உடுப்பில் புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. அந்த அறைக்குள் என்னை விடமாட்டார்களாம். தாத்தா கையில் படமாக நீயாவது இரு.