தங்கை கையெழுத்து

ஆவணி 4, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போல் வந்து ஏமாற்றிவிட்டது. முதுகு இன்று பரவாயில்லை. இனி லாரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு மாதம்.

நாமக்கல்லில் ஆடிட்டர் ஆபீஸ். அப்பா இடத்தில் நான் தொடங்கப்போகிற, லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு. நம்பர் இருந்தால்தான் டிரான்ஸ்போர்ட்காரர் வேலை தருவார். இந்த மாதம் முழுக்கக் காத்திருப்பாராம். வேறு பிழைப்பும் தெரியாது எனக்கு.

கொண்டுபோனவை: ஆதார், பான், போட்டோ 2, கரண்ட் பில். பில் அப்பா பேரில். பட்டாவும் அப்பா பேரில். அப்பா போய் ஒன்பது வருடம். பணம் கட்டினால் கரண்ட் வருகிறது, பேரை மாற்ற யாருக்குத் தோன்றியது?

ஆபீஸ் பெண்: "வாரிசு எத்தன பேருங்க?"

"அம்மாவும் இல்லீங்க. நானும் தங்கச்சியுந்தான்."

"அப்ப அவங்க சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போடோணுங்க."

ஏதோ பத்து நிமிட வேலை மாதிரி சொல்லிவிட்டது. தங்கை சுமதி என்னோடு பேசி ஆறு வருடம்.

ஆவணி 5, வியாழன்

தப்பு என்னுடையதுதான். அவள் மூத்த பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் லோடோடு நாக்பூரில். வந்துவிடுவேன், வந்துவிடுவேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மதியம் வரை பார்த்துவிட்டு, ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் வைத்துக் குத்தினார்கள். அப்புறம் என் போனை அவள் எடுக்கவில்லை. எனக்கும் ரோஷம், விட்டுவிட்டேன்.

மனைவி: "இப்பக் காரியத்துக்குன்னு போய் நின்னா என்ன நெனைப்பாங்க?"

அதுவும் சரிதான்.

ஆவணி 7, சனி

ஓமலூர் போனேன். ஆப்பிள், மிக்சர் வாங்கினேன். பூ மறந்துவிட்டது.

"வாங்கண்ணா" என்றாள். சொம்பில் தண்ணீர் வைத்தாள். கடிதத்தை எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"இதுல போட்டா எம்பங்கு போயிருமுங்களா?"

சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. கோபப்பட எனக்கென்ன யோக்கியதை? வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அந்த இடத்தில் நான் கடை நடத்த மட்டும்தான் சம்மதம். அடியில் நானே பேனாவால் எழுதினேன்: 'இடத்தில் தங்கையின் சரிபாதி உரிமை அப்படியே இருக்கும்.' கீழே என் கையெழுத்து.

இரண்டு தடவை படித்தாள். போட்டாள். பேனாவைத் திருப்பித் தரவில்லை, மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"சின்னவளுக்கு நாலு வயசாச்சுங்ணா. இன்னும் காது குத்தல."

"ஏன் சாமி?"

"மடிக்கு நீங்க வரோணுமில்லீங்க."

அழுதுவிட்டேன். பிள்ளைகள் பார்த்தார்கள்.

ஆவணி 19, வியாழன்

நம்பர் வந்துவிட்டது! சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும். ஊசி, நூல், எண்ணெய் வாங்க வேண்டும்.

டிரான்ஸ்போர்ட்காரர் போன். முதல் லாரி ஞாயிறு காலை வருமாம். திங்கள் அனுப்பச் சொன்னேன்.

"ஏனுங்க, மொத வேலைக்கே லீவுங்களா?"

"மருமவளுக்குக் காதுகுத்துங்க. எம்மடியிலதான்."