பதினேழாம் இலக்கம்

கல்முனைக்குடி
12.10.2008

அன்பின் நிலா,

அஸ்ஸலாமு அலைக்கும். மின்னஞ்சலில் ஆய்வை மட்டும் எழுதுவது, மனதில் கிடப்பதைக் கண்ணாடித் தகட்டுப் பெட்டிக்குள் வைப்பது என்று பழகிவிட்டோம். உன் பேராசிரியர் பெட்டியைத் திறக்க முன் இதை எடுத்துவிடு. அடியில் தொதல் இனிப்பும் இருக்கிறது.

இந்தத் தடவை எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்த பதினேழு பேரின் வாய்ப்புற்றுத் திசு. திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகள் என்னிடம், அவற்றில் சீவிய துண்டுகள் உனக்கு. வழக்கம்போல் உனக்கு இலக்கமும் வயதும் ஆணா பெண்ணா என்பதும்தான், பெயர்ப் புத்தகம் என் அலுமாரியில். பழைய புத்தகத்தைக் கடல் கொண்டுபோனது நினைவிருக்கிறதா? அன்று என் உம்மாவையும் கொண்டுபோனது. அதன்பின் மூன்று மாதம் பாண்டிருப்பில் உன் அம்மா பூமணியம்மாதான் எனக்குச் சோறு போட்டார்.

பூமணியம்மா தான் சுகமாக இருப்பதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். உன் அண்ணனை யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து அவருக்கு ஒரே பிடிவாதம். சண்டை முடியும்வரை நீ இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாதாம்.

உன்
சுபைறா

பேர்கன், நோர்வே
20.11.2008

அன்பின் சுபைறா,

தகடுகள் உடையாமல் வந்தன. தொதல்தான் நசிந்துவிட்டது. விடுவேனா, தாளோடு வழித்துத் தின்றேன்.

பதினேழாம் இலக்கத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. உடம்பின் உயிர்க்கலம் ஒவ்வொன்றும் தான் யார் என்று வெளியே காட்டிக்கொண்டிருக்கும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அப்படிக் காட்டும் அடையாளப் பொருளான பிறபொருளெதிரியாக்கி இருக்கும் இடத்தில் நம் சாயம் பழுப்பாகப் பிடிக்கும். மற்றப் பதினாறு புற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு இருக்கிறது. பதினேழில் ஒரு பொட்டும் இல்லை. நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்கள் பக்கத்திலேயே நிற்கின்றன, ஆனால் புற்றைக் கண்டுகொள்ளவில்லை. நம் ஊரில் அடையாள அட்டை இல்லாதவனைப் பிடிப்பார்கள். உடம்புக்குள் அட்டை இல்லாததைப் பிடிக்க ஆளில்லை.

எவ்வளவு வடிவு தெரியுமா! இரண்டு வருடமாகத் தேடியது இதைத்தான். பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பிறகு வெட்கமாகப் போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் நாக்கல்லவா அது. இந்த வகை கழுத்துக்கு இறங்க அதிக நாள் எடுக்காது. அவரை எப்படியாவது மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. யாரென்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

அம்மா தொலைபேசியில் கதைக்கும்போது நாக்குத் தடிக்கிறது. கேட்டால் வாயில் வெற்றிலை என்கிறார். குறைக்கச் சொல்லேன். உன் சொல்லைத்தான் கேட்பார்.

உன்
நிலா

கல்முனைக்குடி
4.1.2009

நிலா,

பதினேழாம் இலக்கம் உன் அம்மா.

ஓகஸ்டில் நாக்கின் ஓரத்தில் புண்ணோடு வந்தார். ஆய்வுக்குத் திசு தரச் சம்மதமா என்ற படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். "இது என்ர புள்ளை பார்க்கிற வேலைதானே, எடு மகள்" என்றார். "ஆனா அவளுக்குச் சொல்லாத. சொன்னா ஓடி வந்திருவாள். ஒண்டைக் குடுத்திட்டன், மத்ததையும் குடுக்க ஏலா." என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார்.

எங்களுக்கு அது அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்ததைத் திறந்து காட்ட எனக்கு உரிமை இல்லை. அதுவும் எனக்குச் சோறு போட்டவர் ஒப்படைத்தது.

மகரகமைக்கு வரமாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தால் உனக்குத் தெரிந்துவிடுமாம். சண்டை முடிந்து நீ வந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு போவாராம். கழுத்தில் கட்டி தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது நிலா.

சுபைறா

தபாலகம் வரை கொண்டுபோய்த் திரும்பிவிட்டேன். இது பெயர்ப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கட்டும். – சு.

கல்முனைக்குடி
6.1.2009

அன்பின் நிலா,

பதினேழாம் இலக்கத்தாரைக் கண்டு கதைத்தேன். பிறகு போகிறாராம். இன்னும் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மாவிடம் வெற்றிலையைப் பற்றிச் சொன்னேன். இப்போது அவர் வெற்றிலை போடுவதே இல்லை.

உன்
சுபைறா

பேர்கன்
25.3.2009

அன்பின் சுபைறா,

அடுத்த மாதம் ஒஸ்லோவில் மாநாடு. பதினேழின் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஆய்வுகூடச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். படத்தின் கீழே உன் பெயரும் இருக்கிறது.

அம்மா மூன்று கிழமையாகத் தொலைபேசிக்கு வரவில்லை. செல்லத்தம்பி மாமாதான் எடுக்கிறார். "உன் அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள்" என்கிறார். காலையும் கோயில், மாலையும் கோயிலா? மாமாவுக்குப் பொய் சொல்ல வராது, குரலில் தெரிந்துவிடும்.

நீ ஒரு சொல் சொன்னால் ஒரு மணி நேரத்தில் பயணச்சீட்டு எடுத்துவிடுவேன். அம்மா கோபித்தாலும் சரி, வழியில் என்னைப் பிடித்தாலும் சரி. உன்னை நம்பிக் கேட்கிறேன் சுபைறா. அம்மாவுக்கு ஒன்றுமில்லையே?

உன்
நிலா

கல்முனைக்குடி
9.4.2009

அன்பின் நிலா,

ஒன்றுமில்லை. கடைவாய்ப் பல் பிடுங்கியதில் முகம் வீங்கியிருக்கிறது, பல்லுவலியோடு கதைக்க வெட்கப்படுகிறார். சண்டை முடியப்போவதாக வானொலியில் சொல்கிறார்கள். முடிந்ததும் வா, அவசரப்படாதே.

மாநாடு நல்லபடி நடக்க என் துஆ.

உன்
சுபைறா

பேர்கன்
12.6.2009

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்
செல்வி சுபைறா அவர்களுக்கு,

என் தாயார் திருமதி பூமணி சீனித்தம்பி மே மாதம் 15ஆம் திகதி காலமானார். உடலை வைத்திருக்க முடியாதென்று அன்றைக்கே எரித்து, சாம்பலைப் பாண்டிருப்புக் கடலில் கரைத்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்துச் சண்டை முடிந்ததாக வானொலியில் சொன்னார்கள். நீங்கள் ஜனவரியில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம், இப்போது நீங்கள் அனுப்பிய தகட்டுப் பெட்டிக்குள் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது.

நோயாளி இறந்தால் நெருங்கிய உறவினர் சம்மதத்தை மீளப் பெறலாம் என்று படிவத்தின் கடைசிப் பந்தி சொல்கிறது. மகள் என்ற முறையில் பதினேழாம் இலக்கத்துக்கான சம்மதத்தை மீளப் பெறுகிறேன். மெழுகுக் கட்டியைச் செல்லத்தம்பி மாமாவிடம் ஒப்படைக்கவும். அடுத்த மாதம் வந்து அதையும் கடலில் சேர்ப்பேன். நீங்கள் வர வேண்டாம்.

அம்மா சத்தியம் கேட்டார், நீ கொடுத்தாய். அது எனக்கு விளங்குகிறது சுபைறா. ஆனால் நான் கேட்டேனே. கேட்ட பிறகும் பல்லுவலி என்று எழுதினாயே. நான் அம்மாவைச் சுவரில் மாட்டிவைத்து, எவ்வளவு வடிவு பாருங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு
சீ. நிலாந்தினி