வேன் வேண்டாம் என்கிற அப்பா

செவ்வாய், இரவு.

ஆபீஸ் வேன் அஸ்தினாபுரத்தில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும். அப்பாவுக்குப் பிடிக்காது. "தெரியாத டிரைவர், உள்ள நாலு பசங்க. காலம் கெட்டுக் கெடக்கும்மா" என்பார். தினமும் தாம்பரத்துக்கு ஸ்கூட்டரில் வந்து அவரே அழைத்துப் போகிறார்.

யூ-டர்ன் தூரமென்று ஜி.எஸ்.டி. சாலையில் எதிர்த்திசையிலேயே ஓட்டுவார். கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட், போலீஸ் நிற்கும் சிக்னலில் மட்டும் தலைக்கு ஏறும். எனக்கு ஹெல்மெட்டே கிடையாது.

இன்று எதிரே வந்த தண்ணி லாரி என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. சுடிதார் கிழிந்து ரத்தம் வந்தது. "அம்மாகிட்ட சொல்லாதே, பயந்துடுவா" என்றார் அப்பா. வண்டியை நிறுத்தவில்லை.

ஆபீஸ் படியில் விழுந்ததாக அம்மாவிடம் சொன்னேன். மருந்து போட்டுக்கொண்டே, "நல்லவேளை, அப்பாகூட வந்தே. இந்தக் காலோட அந்த வேன்ல ஏறியிருந்தா?" என்றாள்.

ஆபத்து என்றால் அது ஆண்பிள்ளைதான் என்று இந்தத் தெருவே நம்புகிறது. லாரியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எரிச்சலாக இருக்கிறது.

நாளையிலிருந்து வேனில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி மெசேஜ் அனுப்பிவிட்டேன். சரி என்று பதிலும் வந்துவிட்டது. இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

லாரி உரசியபோதுகூட இவ்வளவு பயம் இல்லை.